நடையா, குளமா, செடியா, நோட்டா, பேச்சா? மழைக்கும் தாங்கும் பழக்கம் எது

சென்ற மாதம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டு எழுதியிருந்தார்கள். ஒருவர் மார்த்தாண்டத்தில் துணிக்கடை வைத்திருப்பவர், இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்குகிறவர். இன்னொருவர் அழகியமண்டபம் பக்கம் தனியாக இருக்கும் அறுபத்தொரு வயது அம்மா. மகன் துபாயில், மகள் பெங்களூரில். மூன்றாமவர் நாகர்கோவிலில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். மூவருக்கும் பெரிய வியாதி ஒன்றும் இல்லை. எழுந்தால் எதிலும் பிடிப்பில்லை, எதைத் தொட்டாலும் சலிப்பு. நடக்கச் சொல்கிறார்கள், டைரி எழுதச் சொல்கிறார்கள், செடி வைக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் நான்கு நாள் செய்து விட்டாயிற்று. இதில் எந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வது?

நான் மருத்துவர் அல்ல. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். தக்கலைக்கும் திருவட்டாறுக்கும் நடுவில் வீடு. கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் நடை, குளம், செடி, நோட்டு, பேச்சு என்ற இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தொடங்கி, பெரும்பாலானவற்றைக் கைவிட்டவள் என்கிற தகுதி மட்டும் உண்டு. ஏன் கைவிட்டேன் என்பதுதான் இந்த ஒப்பீட்டுக்கு முதல்.

## எதை வைத்து எடை போடுவது

எது அதிக மகிழ்ச்சி தரும் என்று கேட்டால் விடை தவறாகத்தான் வரும். மனம் நன்றாக இருக்கும் நாளில் எதைச் செய்தாலும் நன்றாகவே இருக்கும். முட்டம் கடற்கரைப் பாறைமேல் நின்று சாயும் வெயிலைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு முட்டம் யாருக்குக் கிடைக்கிறது? என் கேள்விகள் நான்கு.

முதலாவது மழை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குகிற மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. ஜூனில் சாரல் தொடங்கினால், விட்டுவிட்டுப் பெய்து, டிசம்பர் வரை குடை வாசலைவிட்டு உள்ளே போகாது. வேறு ஊர்க்காரர்கள் எழுதும் ஆலோசனை இங்கே ஆனி மாதத்திலேயே நனைந்துவிடுகிறது.

இரண்டாவது, மோசமான நாள். மனம் கிடந்த இடத்திலேயே கிடக்கும் நாளில் இதைத் தொடங்க எவ்வளவு தெம்பு வேண்டும்? மனச்சோர்வுக்கு மனநல மருத்துவத்தில் ஒரு சிகிச்சை முறை உண்டு: மனம் தெளிந்த பிறகு செயல் என்று காத்திராமல், சின்னதாக ஒரு வேலையை முதலில் செய்யவைப்பார்கள், தெளிவு அதன் பின்னால் வரும். அப்படியானால் வாசற்படி தாழ்வாக இருக்கும் பழக்கமே நல்லது.

மூன்றாவது, வெளியே தெரியாத செலவு: காசு, காயம், தூக்கம், வீட்டாரின் முகம்.

நான்காவது, அது யாருடைய நேரத்தைத் தின்கிறது என்பது. காலை ஐந்தரை முதல் எட்டு வரை ஆண்களுக்குக் 'காலை நேரம்'. பெண்களுக்கு அது புட்டுக்குழல், மதியச் சாப்பாட்டு டப்பா, காணாமல் போன சாக்ஸ். இந்தக் கணக்கைப் போடாத ஆலோசனைகளை நான் வாசிப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

## காலை நடை

பலன் என்று பார்த்தால் இதுதான் முன்னால் நிற்கிறது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்கு முடிந்தது. இரண்டாவது லாபம் வெளிச்சம். மேகம் மூடிய வானம்கூட வீட்டு ட்யூப்லைட்டைவிடப் பல மடங்கு பிரகாசம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் பொழுதை ஒழுங்காகக் கணக்கிட்டு, இரவு உரிய நேரத்தில் தூக்கத்தைக் கொண்டுவருகிறது. நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் உதித்துவிடுகிறது. நேரத்தை மாற்ற வேண்டியதே இல்லை.

எங்கே நடப்பது என்பதில் மாவட்டம் இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே நாகர்கோவில்காரர்களுக்கு ஸ்டேடியம் இருக்கிறது. கவிமணி பிறந்த தேரூரில் குளக்கரை இருக்கிறது. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சார் எனும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. குளிர்காலத்தில் பறவைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் கதை வேறு. ஏற்றம், இறக்கம், வளைவு. நடைபாதை என்று ஒன்று கிடையாது. கல்லேற்றிய லாரி வந்தால் ஓடை ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும். எங்களுக்குச் சானல்கரைதான், அதாவது பாசனக் கால்வாயின் கரைதான் கதி. அணை திறந்து தண்ணீர் ஓடும் மாதங்களில் அதைப்போல் ஒரு பாதை வேறெங்கும் இல்லை என்பேன். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டி முடித்தவர்கள் எதிரே வருவார்கள். நடையின் அருமையைப் பற்றி அவர்களிடம் பேச எனக்குக் கூச்சமாக இருக்கும்.

கடற்கரை நடையை எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். நான் கடைசியில் சொல்கிறேன். சொத்தவிளை, சங்குத்துறை பக்கத்தில் வீடு இருந்தால் சரி. மற்றவர்களுக்கு வண்டி எடுத்து, பெட்ரோல் போட்டு, போய் நடந்து திரும்புவது பழக்கம் ஆகாது, சுற்றுலாதான் ஆகும். ஆபத்தும் உண்டு. எங்கோ தெற்கே நடுக்கடலில் கிளம்பிய பேரலை, இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளில் கரையேறுவதை மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் கடற்கரையை மறந்துவிடுங்கள். மற்ற நாளிலும் ஈர மணலுக்கு இப்பால்தான் நடை.

என் கதைக்கு வருகிறேன். முதல் தடவை ஒரு ஜனவரியில் தொடங்கினேன். மாவட்டத்திலேயே சுகமான மாதம், யார் தொடங்கினாலும் ஓடும். தனியாகப் போனேன். "என்ன, வீட்டில் பிணக்கா?" என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். ஜூன் பிறந்தது, செருப்பு வழுக்கியது, ஒருநாள் விட்டேன், மறுநாளும் விட்டேன், முடிந்தது.

இரண்டாவது தடவை வேறு வழி பார்த்தேன். வீட்டு வாசலுக்கு வரும் பாக்கெட் பாலை நிறுத்தினேன். ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளி மாடு வைத்திருக்கும் ஒரு பாட்டியிடம் பால் வாங்கத் தொடங்கினேன். இப்போது நான் போகாவிட்டால் வீட்டில் சாயா இல்லை. மழையானாலும் குடை பிடித்துப் போயே ஆக வேண்டும். ஆறரையைத் தாண்டினால் பாட்டி வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார். நான்கு ஆண்டு ஆகிறது. மனதுக்கு நல்லது என்று நினைத்து நடந்த நடை ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. பாலுக்காக நடக்கும் நடை மழையிலும் நிற்கவில்லை.

செலவையும் சொல்லிவிட வேண்டும். பால் லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடுதல். தேங்காய் துருவுவதும் டப்பா கட்டுவதும் வீட்டுக்காரர் கைக்கு மாறின. அதற்கு இரண்டு வாரம் முகம் தூக்கலைப் பொறுக்க வேண்டியிருந்தது. நடையின் உண்மையான விலை அதுதான். செருப்பு வாங்கிய காசெல்லாம் ஒன்றுமே இல்லை.

## குளத்துக் குளியல்

ஐந்திலும் உடனே வேலை செய்வது இதுதான். குளத்தில் இறங்கி அக்கரை தொட்டுத் திரும்பினால், பத்து நிமிடத்தில் ஆளே வேறு. சிறுவயதில் படித்துறையில் நான் அழுத அழுகையெல்லாம் தண்ணீரோடு போனது. நீச்சல் நல்ல உடற்பயிற்சி, மூட்டுவலிக்காரர்களுக்கு நடையைவிட ஏற்றது.

இருந்தும் இன்று யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்ல மாட்டேன். பல குளங்களில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது, சாக்கடை சேர்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 2024-லும் 2025-லும் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தியான நோயால் இறந்தவர்கள் உண்டு. வெதுவெதுப்பான தேங்கிய நன்னீர் மூக்கு வழியாக ஏறும்போதுதான் அது தொற்றுகிறது, குடித்தால் தொற்றுவதில்லை. வருவது மிக அரிது, வந்தால் பிழைப்பதும் அரிது. ஆகவே தேங்கிய குளத்தில் மேலேயிருந்து குதிப்பதும் முங்குவதும் வேண்டாம்; தலை நனையாமல் நீந்துங்கள். காலில் புண் இருந்தால் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு இன்னொரு தடை: பழைய மறைவுள்ள படித்துறைகளின் இடத்தில் இப்போது ரோடும் கைபேசிக் கேமராவும்.

சுத்தமான ஓடுநீரோ, நன்றாகப் பராமரிக்கும் ஊர்க்குளமோ நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஆண்களுக்கு, நீச்சல் தெரிந்திருந்தால், மார்ச் முதல் மே வரை இதை மிஞ்ச ஒன்றுமில்லை. மற்ற மாதங்களில் வீட்டுக் கிணற்றடியில் இரண்டு வாளி கூடுதலாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

## செடி

இதை அதிகம் நீட்டப் போவதில்லை. மண்ணில் கை வைத்தால் அரை மணி நேரம் கவலை மறப்பது உண்மை. ஆனால் பலன் பூவாக வர மாதங்கள் ஆகும், தளர்ந்த மனத்துக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. அடைமழையில் வேர் அழுகும், நத்தை ஏறும், மலையடிவாரத்தில் குரங்கு வரும். சோர்ந்து கிடப்பவருக்கு வாடிய செடி இன்னொரு குற்றச்சாட்டு. க்ரோ பேக், தேங்காய்நார்க் கழிவு, உரம் என்று மாடித்தோட்டக்காரர்கள் போடும் பட்டியல் சில ஆயிரத்தில் போய் நிற்கும். தொடங்கினால் ஒரு பிச்சிக்கொடியோடு தொடங்குங்கள். ஏற்கெனவே தோப்பும் மட்டி வாழையும் வைத்திருக்கிறவர்களுக்கு இது பழக்கமாகப் படாது, பிழைப்பாகவே படும். அவர்கள் வேறொன்றைத் தேடட்டும்.

## நோட்டில் எழுதுவது

மழைக்கு அஞ்சாதது. செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா. ஆனால் எழுதுவது என்பதில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் விடுகிறார்கள்.

ஒன்று, மனதை அழுத்துவதைக் கொட்டி எழுதுவது. இதை ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். 1986-இல் வெளியான அவருடைய ஆய்வில் மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் வருத்திய சம்பவத்தை எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுடைய மனநிலை மோசமாகத்தான் ஆனது. அடுத்து வந்த மாதங்களில் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவ மையத்துக்குப் போனதுதான் குறைந்தது. இது தெரியாமல் இரவு பத்தரைக்கு உட்கார்ந்து வயிற்றெரிச்சலை எழுதினால் விடியவிடியப் புரள வேண்டியதுதான். அதை நாள்தோறும் எழுதுவதும் வேண்டாம். நான்கு நாள் மருந்து அது; ஆயுள் முழுக்கச் சாப்பிடுவதல்ல.

மற்றது, நன்றாக நடந்ததைக் குறித்து வைப்பது. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை தாங்கள் நன்றி பாராட்டும் ஐந்து விஷயங்களைப் பட்டியலிட்டவர்கள் பத்து வாரத்தில் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நிறைவாகச் சொன்னார்கள். கவனியுங்கள், வாரம் ஒருமுறை. தினமும் எழுதப் போனால் எனக்கு மூன்றாம் நாளே 'சாளை மீன் மலிவாகக் கிடைத்தது' என்பதைத் தாண்டி ஒன்றும் தோன்றவில்லை.

மறைந்த செலவு, அந்தரங்கம். என் நோட்டு மாமியார் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் முழுக்க அவர்தான் இருந்தார். கூட்டுக் குடும்பத்தில் கொட்டி எழுதுகிறவர்கள் எழுதியதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம். நன்மை எழுதுவதில்தான், வைத்திருப்பதில் இல்லை.

## பேச்சு

ஆண்களுக்கு இதற்கென்று ஒரு நிறுவனமே இருக்கிறது: முக்குக்கு முக்கு சாயாக்கடை. ஒரு கட்டன் சாயா, ஒரு பழம்பொரி, ஒரு பத்திரிகை, நான்கு பேர். அதை வெட்டிப் பேச்சு என்று திட்டுகிறோம். மனக்கணக்கில் அது வெட்டி இல்லை.

சிகாகோவில் ரயில் பயணிகளை வைத்து எப்லி, ஷ்ரோடர் என்ற இருவர் செய்த ஆய்வு 2014-இல் வந்தது. பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவரிடம் பேசினால் பயணம் கசக்கும் என்றுதான் மக்கள் நினைத்தார்கள். பேசவைத்துப் பார்த்தபோது, சும்மா உட்கார்ந்து போனவர்களைவிடப் பேசிப் போனவர்களே பயணத்தை ரசித்தார்கள். காலையில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பாசஞ்சரில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல சிகாகோ தேவையில்லை.

பெண்களுக்குச் சாயாக்கடை பெஞ்சு இன்னும் கிடைக்கவில்லை. எங்களுக்கு மீன்கார அக்கா, பஸ் நிறுத்தம், கோவில் நடை, தேவாலயப் பாடகர் குழு, மகளிர் குழுக் கூட்டம். ஐந்து நிமிடப் பேச்சு போதும். ஆனால் நேருக்கு நேர் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் 'இனிய காலை வணக்கம்' பூப்படங்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

செலவு இதில்தான் மிக ரகசியமாக இருக்கிறது. பேச ஆள் தவறினால், "மகளுக்கு ஏன் இன்னும் பார்க்கவில்லை", "வெளிநாட்டுக்காரன் எவ்வளவு அனுப்புகிறான்" என்று போய், வந்ததைவிடக் கனத்த மனத்தோடு திரும்புவீர்கள். ஒரே குறையை இரண்டு பேர் தினமும் சேர்ந்து அசைபோட்டால் நட்பு நெருக்கமாகும், மனம் தேறாது. என் தோழி ஒருத்தியோடு அலுவலகப் புகாரை மட்டுமே ஓராண்டு பேசித் தீர்த்ததில் எனக்கு இது தெரியும். கையில் ஒரு வேலையோடு பேசும் பேச்சு நல்லது: முருங்கைக்கீரை உருவிக்கொண்டு, பூக்கட்டிக்கொண்டு, பால் அளக்கும்போது.

## ஒரே பார்வையில்

| பழக்கம் | பலன் எப்போது | மழை நாளில் | மோசமான நாளில் தொடங்க | தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| நடை | அன்றைக்கே. தூக்கத்தில் சில வாரம் | வேலையோடு கட்டினால் உண்டு, இல்லையேல் இல்லை | நடுத்தரம் | காலைச் சமையல், நாய், லாரி |
| குளம் | பத்து நிமிடம் | வேண்டாம் | இறங்கும்வரை கடினம் | தொற்று, மறைவின்மை |
| செடி | மாதங்கள் | பாதி | எளிது | காசு, வாடினால் வருத்தம் |
| நோட்டு | வாரங்கள். முதலில் கனம் கூடலாம் | தடையில்லை | எழுத்துப் பழக்கம் இருந்தால் எளிது | அந்தரங்கம், தூக்கம் |
| பேச்சு | உடனே | ஆள் பக்கத்தில் இருந்தால் உண்டு | தனியே கிடப்பவருக்குக் கடினம் | புறணி, ஒப்பீடு |

தூக்கத்தைப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம், அது ஒரு தேர்வு அல்ல, தரை. ஐந்து மணி நேரம் தூங்குகிறவருக்கு மேலே உள்ள ஐந்தில் எதுவும் முழுப் பலன் தராது. உள்ளே போன காபியின் வீரியம் பாதியாகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் கடுங்காப்பி பதினொன்றுக்கும் பாதி உயிரோடு இருக்கிறது. கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள்.

## மூவருக்கும்

மார்த்தாண்டத்துக் கடைக்காரருக்கு: இரவு பத்து மணிக்குமேல் எந்தப் பழக்கத்தையும் தொடங்காதீர்கள், நோட்டையும் சேர்த்துத்தான். காலையில் கடைக்கு வண்டியில் போகிறீர்கள். வண்டியை ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள், வழியில் ஒரு கடையில் நின்று சாயா குடியுங்கள். கடையைத் திறந்தே ஆக வேண்டும் என்பதால் அந்த நடையும் நின்றுபோகாது.

செவிலியருக்குப் பொது ஆலோசனை தலைகீழ். இரவுப் பணி முடிந்து காலை வெயிலில் நடந்தால் வீட்டில் தூக்கம் வராது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, மாலை நாலரைக்குமேல் நடப்பதே சரி. பகல் பணி வாரங்களில் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். வாரம் ஒருநாள் நோட்டும் உங்களுக்குப் பொருந்தும். வார்டில் பார்த்ததையெல்லாம் வீட்டில் சொல்ல முடியாதல்லவா.

அழகியமண்டபத்து அம்மாவுக்கு முதலில் பேச்சு, பிறகுதான் நடை. பிள்ளைகள் வீடியோவில் அழைப்பதற்குக் காத்திருப்பது பழக்கம் ஆகாது, அது அவர்கள் கையில் இருக்கிறது. பூவோ, பாலோ, கீரையோ ஒன்றை வீட்டு வாசலில் வாங்குவதை நிறுத்தி, நடந்து போய் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் வாங்குங்கள். பத்து நாள் போங்கள். பதினோராம் நாள் போகாவிட்டால் "நேற்று ஏன் காணோம்" என்று அங்கிருந்து கேட்பார்கள்.

மூவருக்கும் பொதுவாக ஒன்று. சோர்வு இரண்டு வாரத்துக்குமேல் நாள் முழுக்க நீடித்தாலும், தூக்கமும் பசியும் கெட்டாலும், உயிர்மேல் வெறுப்பு ஒரு தடவை தோன்றினாலும், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். பால் வாங்க நடப்பது அதற்கு மாற்று இல்லை.

அழகியமண்டபத்து அம்மா கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: வழியில் நாய்க்கு என்ன செய்வது? வெயில் நாளிலும் குடையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மடக்குக் குடை வேண்டாம், நீளக் குடை.